தூண்டிற்காரர்கள் வைத்த ஆற்றுக் கணக்கு

தூண்டிலும் கையுமாக ஆற்றங்கரையில் அமர்ந்திருப்பவரிடம் நம் கிராமங்களில் அவ்வளவாக மதிப்பு ஏற்படுவதில்லை. வேறு வேலை இல்லாதவர் என்று கருதிவிட்டு நாம் நம் வழியே போய்விடுகிறோம். வலை வீசிப் பிழைக்கும் மீனவரின் தொழில் வேறு. பொழுதுபோக்காகத் தூண்டில் போடுவோரின் செய்கை வேறு என்பதும் உண்மையே. ஆயினும் இத்தகைய பொழுதுபோக்குத் தூண்டிற்காரர்கள், கூலி ஏதும் பெறாமல், மாதந்தோறும் ஆற்றில் இறங்கிக் கணக்கெடுத்து, அந்தக் கணக்கின் பலத்தைக் கொண்டே ஓர் ஆற்றைக் காத்து வருகிறார்கள் என்றால், அச்செய்தி பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயிகளும் அறிந்து கொள்ளத் தக்கதாகும். இம்முயற்சி இங்கிலாந்து தேசத்தில் நடந்து வருவது. அதில் நம் விவசாயிகள் நன்கு அறிந்த ஒரு பூச்சி மருந்தும் சம்பந்தப்பட்டிருக்கிறது.

இங்கிலாந்தின் தென்பகுதியில் கென்னட் என்று ஓர் ஆறு உண்டு. மார்ல்பரோ, ஹங்கர்ஃபோர்டு, நியூபரி ஆகிய ஊர்களின் வழியாக ஓடி, ரெடிங் நகரில் தேம்ஸ் நதியோடு கலக்கிறது. சுண்ணாம்புப் பாறையில் ஊறிய மழைநீர் ஊற்றாகக் கிளம்பி ஓடுவதால் இதன் நீர் பளிங்கு போல் தெளிந்திருக்கும். கோடையில் அதிகம் சுடுவதும் இல்லை, குளிர்காலத்தில் உறைவதும் இல்லை. இத்தகைய சுண்ணாம்பு ஊற்று ஆறுகள் உலகில் மிகச் சிலவே; அவற்றில் பெரும்பகுதி இங்கிலாந்திலேதான் இருக்கின்றன. டிரவுட் மீனுக்கு இவை தாய்வீடு. (நம் நீலகிரியில், அவலாஞ்சி முதலிய இடங்களில் ஆங்கிலேயர் காலத்திலே கொண்டுவந்து விட்டதும் டிரவுட் மீன்தான். ஆனால் அது அமெரிக்காவைச் சேர்ந்த வானவில் டிரவுட். கென்னட்டில் இயற்கையாக வாழ்வது பழுப்பு டிரவுட்.)

டிரவுட் மீனுக்கு முக்கிய உணவு நீர்ப்பூச்சிகள். மேஃபிளை, ஸ்டோன்ஃபிளை, காடிஸ் என்று அங்கு வழங்கும் பூச்சிகள் தம் ஆயுளின் பெரும்பகுதியை ஆற்றின் அடியில், கல்லிடுக்குகளில், சிறகு முளைக்காத இளம் பருவத்திலேயே கழிக்கின்றன. பின்னர் ஒருநாள் மேலே வந்து, சிறகு பெற்றுப் பறந்து, முட்டையிட்டு மடிகின்றன. நம் ஊர் ஈசல் மழை கண்டு கிளம்புவதைப் போல, மே, ஜூன் மாதங்களில் மேஃபிளை கூட்டங்கூட்டமாகக் கிளம்பும். மீனும் மேலே வந்து அவற்றைக் கவ்வும். இறகையும் நூலையும் கொண்டு அந்தப் பூச்சியைப் போலவே ஒரு போலிப் பூச்சியைக் கட்டி, அதைத் தூண்டில் முள்ளில் வைத்து மீனை ஏமாற்றுவதே அந்நாட்டுத் தூண்டிற்காரரின் வித்தை. ஆகவே எந்தப் பூச்சி எந்த மாதத்தில் வரும், சென்ற ஆண்டைவிடக் குறைந்திருக்கிறதா என்பதை அவர்கள் எக்காலத்திலும் கவனித்தே வந்திருக்கிறார்கள். நம் விவசாயி வரப்பில் நடக்கும்போதே பயிரின் நிறத்தைக் கண்டு குறையைச் சொல்லிவிடுவதைப் போன்றது இது.

ஆனால் கண்ணால் கண்டு சொல்வது வேறு, கணக்கு வைத்துச் சொல்வது வேறு. "பூச்சி முன்போல் இல்லை" என்று பெரியவர் ஒருவர் சொன்னால், அதைக் கேட்டுக் கொள்ளும் அதிகாரி தலையை அசைத்துவிட்டுப் போய்விடலாம். தூண்டிற்காரரின் வாய்ச்சொல்லுக்கு உலகெங்கும் ஒரு கெட்ட பெயரும் உண்டு. தப்பிப் போன மீனைக் காட்டக் கைகள் எவ்வளவு விரியும் என்பது யாவரும் அறிந்ததே. இக்குறையைப் போக்கவே, தூண்டிற்காரர் சங்கங்களும் விஞ்ஞானிகளும் அரசாங்கத்தின் சுற்றுச்சூழல் இலாகாவும் ஒன்றுகூடி, எவரும் ஒரே விதமாகச் செய்யத்தக்க முறை ஒன்றை வகுத்தனர். ரிவர்ஃபிளை பார்ட்னர்ஷிப் என்ற கூட்டமைப்பின் மூலம் 2007-ஆம் ஆண்டு முதல் அது தேசமெங்கும் நடைமுறைக்கு வந்தது.

அந்த முறை மிக எளிதானது. தொண்டருக்கு ஒரு நாள் பயிற்சி போதும். மாதம் ஒரு முறை, குறித்து வைத்த அதே இடத்தில், அவர் ஆற்றில் இறங்குவார். நீரோட்டத்துக்கு எதிரே கைவலையை அடியோடு சேர்த்துப் பிடித்துக் கொண்டு, அதன் முன்னே இருக்கும் கூழாங்கற்களைக் காலால் கிளறுவார். கிளறுவது சரியாக மூன்று நிமிடம். பிறகு ஒரு நிமிடம் கற்களைக் கையால் எடுத்துப் பார்த்து, ஒட்டிக் கொண்டிருப்பவற்றையும் சேர்ப்பார். வலையில் விழுந்ததை வெள்ளைத் தட்டில் கொட்டினால், இளம் பூச்சிகள் நெளிவது நன்கு தெரியும். அவற்றுள் எட்டு வகைகளை மட்டும் பிரித்து எண்ண வேண்டும்: கூடு கட்டும் காடிஸ், கூடற்ற காடிஸ், மேஃபிளை இனத்தில் நான்கு வகை, ஸ்டோன்ஃபிளை, கூனி இறாலை ஒத்த நன்னீர்ச் சிற்றிறால். எண்ணி முடிந்ததும் எல்லாவற்றையும் உயிரோடு ஆற்றிலேயே விட்டுவிட வேண்டும்.

ஒரு வகையில் 1 முதல் 9 வரை இருந்தால் மதிப்பெண் 1. 10 முதல் 99 வரை 2. 100 முதல் 999 வரை 3. அதற்கு மேல் 4. எட்டு வகைகளின் மதிப்பெண்களையும் கூட்டினால் அந்த இடத்துக்கு அந்த மாதத்து எண் கிடைத்துவிடும். ஒவ்வோர் இடத்துக்கும் இதற்குக் கீழே போகலாகாது என்று ஓர் எச்சரிக்கை எண்ணை இலாகாவின் நிபுணர் முன்கூட்டியே நிர்ணயித்துத் தருகிறார். உதாரணமாக, ஓரிடத்தின் எச்சரிக்கை எண் 8 என்று வைத்துக் கொள்வோம். மாதாமாதம் 11, 12 என்று வந்து கொண்டிருந்த இடத்தில் திடீரென்று 5 வந்தால், தொண்டர் உடனே மறுபடியும் வலையிட்டுச் சரிபார்க்க வேண்டும். அப்போதும் குறைவாகவே இருந்தால் அன்றே இலாகாவுக்குத் தெரிவிக்க வேண்டும். குற்றவாளியைத் தேடுவதோ, எவர் வீட்டு வாசலிலும் போய்ச் சண்டையிடுவதோ அவர் வேலையன்று. செய்தி கிடைத்ததும் வந்து பார்ப்பது இலாகாவின் வேலை.

மீனை எண்ணாமல் பூச்சியை எண்ணுவானேன் என்று கேட்கலாம். மீன் நீந்தி வேறிடம் போய்விடும். தண்ணீரைப் புட்டியில் பிடித்துப் பரிசோதித்தாலோ, அந்த நிமிஷத்து நீரைப் பற்றித்தான் தெரியும். நேற்றிரவு விஷம் கலந்து ஓடிப்போயிருந்தால் இன்று காலைப் புட்டியில் அது அகப்படாது. கல்லிடுக்கில் மாதக் கணக்காகக் கிடக்கும் பூச்சி எங்கும் போவதில்லை. வந்த கேடு அனைத்தையும் அது அனுபவித்தே தீர வேண்டும். ஆகவே நீர் கடந்து போன பின்னும், பூச்சி இல்லாத இடம் நடந்ததைச் சொல்லிக் கொண்டிருக்கும்.

2013-ஆம் ஆண்டு ஜூலை மாதத் தொடக்கத்தில் கென்னட் ஆற்றில் இதுதான் நேர்ந்தது. வழக்கம்போல் மார்ல்பரோவுக்குக் கீழே வலையிட்ட தொண்டர்களின் தட்டில், நூற்றுக்கணக்கில் இருக்க வேண்டிய சிற்றிறாலும் பூச்சிகளும் இல்லை. இருந்தவையும் செத்துக் கிடந்தன. முந்தைய மாதங்களின் எண்கள் கையில் இருந்தமையால் இது பருவ மாறுதல் அன்று என்பதில் அவர்களுக்கு ஐயம் எழவில்லை. இலாகாவுக்குத் தகவல் பறந்தது. நிபுணர்கள் வந்து பரிசோதித்ததில், நீரில் குளோர்பைரிபாஸ் கலந்திருப்பது தெரிய வந்தது. ஊரின் சாக்கடை நீரைச் சுத்திகரிக்கும் நிலையத்தின் வழியாக அது ஆற்றை அடைந்திருந்தது. மார்ல்பரோவிலிருந்து ஹங்கர்ஃபோர்டு வரை சுமார் 15 கிலோமீட்டர் நீளத்துக்குப் பூச்சியினமும் சிற்றிறாலும் அழிந்து போயின.

குளோர்பைரிபாஸ் என்ற பெயரை நம் விவசாயிகளுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கறையானுக்கும், நெல்லில் தண்டு துளைப்பானுக்கும், பருத்திக் காய்ப்புழுவுக்கும் பல காலம் கையாண்டு வந்த மருந்துதான். பூச்சியின் நரம்பைத் தாக்கி, அடங்காத வலிப்பை உண்டாக்கிக் கொல்வது இதன் குணம். வயலில் புழுவைக் கொல்லும் இம்மருந்துக்கு ஆற்றில் உள்ள பூச்சி வேண்டியது, வேண்டாதது என்ற பேதம் தெரியாது. நன்னீர்ச் சிற்றிறாலைக் கொல்ல ஒரு லிட்டர் நீரில் ஒரு மைக்ரோகிராமுக்கும், அதாவது ஒரு கிராமின் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த அளவே போதும். மருந்து தெளித்த பின் தெளிப்பானையும் காலி டப்பாவையும் வாய்க்காலில் அலம்பும் வழக்கம் நம்மிடையே எவ்வளவு சாதாரணம் என்பதை வாசகர்களே அறிவார்கள்.

அந்த வேளையில் மீன்கள் பெரும்பாலும் பிழைத்திருந்தன. ஆகவே செத்த மீன் மிதப்பதைக் கண்டுதான் கேட்டை அறிவது என்று ஊரார் காத்திருந்தால், காரணம் இன்னதென்று எவருக்கும் தெரிந்திராது. இரையற்ற ஆற்றில் மீன் மெலிந்து குறைந்திருக்கும். மாதாந்தர எண்களே செய்தியை உரிய நாளில் கொண்டு சேர்த்தன. அதன் பிறகு ஆறு தேறியதையும் அதே எண்கள்தாம் காட்டின. சிறகுள்ள பூச்சிகள் மேற்புறத்திலிருந்து பறந்து வந்து முட்டையிட்டு முதலில் குடியேறத் தக்கவை. சிற்றிறாலுக்குச் சிறகில்லை, மேலேயிருந்து நீரோடு அடித்து வந்தும், அடியில் ஊர்ந்துமே அது பரவ வேண்டும். ஆதலால் அது மீள்வதற்குக் காலம் அதிகம் பிடிக்கும். பிரிட்டனில் 2016 ஏப்ரல் முதல் இம்மருந்தின் பெரும்பாலான உபயோகங்கள் தடை செய்யப்பட்டன. அத்தடை மனிதரின் ஆரோக்கியத்தை முன்னிட்டு வந்ததேயன்றிக் கென்னட் நிகழ்ச்சியால் மட்டும் வந்ததன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கணக்கெடுப்பதோடு இவர்கள் வேலை நின்றுவிடுவதில்லை. டிரவுட் மீன் குளிர்காலத்தில் சரளைக் கற்களிடையே, வாலால் குழி பறித்து முட்டையிடும். கற்களின் இடைவெளி வழியே நல்ல நீர் ஓடிக் கொண்டிருந்தால்தான் முட்டைக்கு மூச்சு. கரையில் கால்நடைகள் இறங்கி மிதிப்பதாலும், உழுத நிலத்திலிருந்து மழை அடித்து வருவதாலும் மண் வந்து படிந்தால், இடைவெளி அடைபட்டு முட்டை உள்ளேயே மூச்சு முட்டிச் சாகிறது. எனவே பற்பல ஆறுகளில் தூண்டிற்காரர் சங்கங்கள் கரையோரம் வேலி போட்டு, மாடுகளுக்குத் தனியே தண்ணீர் குடிக்கும் துறை அமைக்கவும், அளவுக்கு மீறி அகலப்படுத்தப்பட்ட ஆற்றில் மரத்துண்டுகளைப் பதித்து ஓட்டத்தை ஒடுக்கி, வண்டல் தானே அடித்துப் போகும்படி செய்யவும் உழைக்கின்றன. 1997-இல் தோன்றிய வைல்டு டிரவுட் டிரஸ்ட் என்ற அமைப்பு இவ்வேலைகளுக்கு யோசனை கூறி வருகிறது. வேலைக்கு முன் வந்த எண்ணையும் வேலைக்குப் பின் வந்த எண்ணையும் ஒப்பிட்டால் உழைப்பு பலித்ததா என்று தெரிந்துவிடும். நம் வட்டாரங்களில் தூர் வாரிய ஏரிகளுக்கும், கட்டிய தடுப்பணைகளுக்கும் செலவுக் கணக்கு இருக்கிறது. முன் இருந்த நிலைமையின் கணக்குப் பெரும்பாலும் இருப்பதில்லை.

விவசாயிக்கும் தூண்டிற்காரருக்கும் அங்கே எப்போதும் நல்லுறவு நிலவுகிறது என்று எண்ண வேண்டாம். வேல்ஸிலும் இங்கிலாந்திலும் ஓடும் வை நதியின் பிரதேசத்தில் கோழிப் பண்ணைகள் பெருகி, சுமார் இரண்டு கோடிக் கோழிகள் வளர்க்கப்படுகின்றன. அவற்றின் எரு அளவுக்கு மேல் நிலத்தில் சேர்ந்து, அதிலுள்ள பாஸ்பேட் ஆற்றில் கலந்து, பாசி பிடிக்கச் செய்கிறது. தொண்டர்கள் பலர் நீரைப் பரிசோதித்துக் கணக்கு வைத்தனர். 2023 மே மாதத்தில் அரசாங்கத்தின் இயற்கைப் பாதுகாப்பு நிறுவனமே அந்நதியின் நிலைமை சீர்கெட்டு வருவதாகத் தரம் இறக்கி அறிவித்தது. பண்ணைக்காரருக்கு இதனால் மனத்தாங்கல் ஏற்படத்தான் செய்தது. இருப்பினும், எந்த ஓடையில் எவ்வளவு என்று எண் கையில் இருக்கும்போது, பேச்சு ஏச்சாக மாறாமல் எருவை எங்கே கொண்டுபோவது என்ற வழிக்குத் திரும்ப இடமுண்டு.

இதில் ஓர் அபாயமும் இருக்கிறது. தொண்டர்கள்தாம் பார்த்துக் கொள்கிறார்களே என்று அரசாங்க இலாகாக்கள் தம் பரிசோதனைகளைக் குறைத்துக் கொள்ள அது ஒரு சாக்காகிவிடக் கூடாது. தொண்டரின் எண் எச்சரிக்கை மணி. வழக்கு மன்றத்தில் நிற்கத்தக்க சாட்சியத்தை அதிகாரிதான் முறைப்படி சேகரிக்க வேண்டும். மணி அடித்தும் எவரும் வராத ஊரில் அடுத்த மாதம் மணி அடிக்க ஆள் கிடைக்காது. சர்க்கார் உத்தியோகத்தில் இருந்து கொண்டே இதைச் சொல்கிறோம்.

நம் காவிரியிலும் தூண்டிற்காரர்கள் கணக்கு வைத்ததுண்டு. தமிழ்நாட்டு எல்லைக்குச் சற்று மேலே, கர்நாடகத்தில், காலிபோரே முதலிய இடங்களில் மகசீர் என்னும் பெருங்கெண்டையைத் தூண்டிலில் பிடித்து, எடை போட்டு, உடனே ஆற்றிலேயே விட்டுவிடும் முகாம்கள் இருந்தன. முன்பு வெடி வைத்தும் திருட்டுத்தனமாகவும் மீன் பிடித்தவர்களில் சிலரே அங்கு வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் வேலை பெற்றனர். 1998 முதல் 2012 வரை அங்கு வைக்கப்பட்ட குறிப்பேடுகளை ஏட்ரியன் பிண்டர், ராஜீவ் ராகவன் முதலிய விஞ்ஞானிகள் பின்னர் ஆராய்ந்தனர். சுமார் 7 கிலோமீட்டர் நீளமுள்ள பகுதியில் 23,000 மணி நேரத்துக்கு மேல் தூண்டில் போட்டு, 6,000-க்கு மேற்பட்ட மகசீர்கள் பிடித்து விடப்பட்டிருந்தன. அரைக் கிலோவுக்கும் குறைந்த குஞ்சு முதல் 46.8 கிலோ எடையுள்ள மீன் வரை அவற்றில் அடக்கம்.

மொத்தமாகப் பார்த்தபோது, மணிக்கு இத்தனை மீன் என்ற கணக்கு ஆண்டுக்கு ஆண்டு உயர்ந்தே வந்தது. காவல் போட்டதற்குப் பலன் கிடைத்தது என்று மகிழத்தக்க செய்தி அது. ஆனால் குறிப்பேட்டில் மீனின் வகையும் எழுதப்பட்டிருந்தது. வகை பிரித்துப் பார்த்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது. பெருகியது நீலத் துடுப்பு மகசீர்; அது கிருஷ்ணா நதிப் பிரதேசத்தைச் சேர்ந்தது, லோனாவாலா பொரிப்பகத்தில் வளர்த்து, மீன் பெருகட்டும் என்ற நல்லெண்ணத்தோடு பிற ஆறுகளிலும் விடப்பட்டது. காவிரிக்கே உரிய, கூன் முதுகும் செம்மஞ்சள் துடுப்பும் கொண்ட மகசீரோ குறைந்து கொண்டே வந்தது. அகப்பட்ட சிலவும் ஆண்டுக்கு ஆண்டு எடை கூடியவையாக இருந்தன. எடை கூடியது நல்லதுதானே என்று தோன்றும். கிழ மீன்கள் மட்டும் மிஞ்சி, குஞ்சு உண்டாகவில்லை என்பதே அதன் பொருள். 2018-இல் இந்த மீனின் விஞ்ஞானப் பெயர் டோர் ரெமாதேவி என உறுதி செய்யப்பட்டது. அவ்வாண்டே உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில், அழிவின் விளிம்பில் உள்ளவற்றோடு அது சேர்க்கப்பட்டது.

இதனால் தமிழ்நாட்டுக்கு என்ன என்று கேட்டால், இம்மீன் முதன்முதல் விவரிக்கப்பட்டது கேரளத்தின் பாம்பாற்றில். அந்தப் பாம்பாறுதான் நம் அமராவதி அணைக்கு வந்து சேருகிறது. 2018-ஆம் ஆண்டு ஆராய்ச்சிக்கு மாதிரி கிடைத்தது மோயாற்றில். அந்த மோயாறு பவானிசாகர் நீர்த்தேக்கத்தில் கலக்கிறது. காவிரிக் குறிப்பேடு 2012-இல் நின்றுவிட்டது. சரணாலயங்களில் தூண்டில் போடுவதும் வேட்டையாடுவதாகவே கருதப்படும் என்று சட்டத்துக்குப் பொருள் கொள்ளப்பட்டு, முகாம்கள் மூடப்பட்டன. காட்டு விலங்கைக் காக்கும் சட்டத்தில் நமக்குக் குறையில்லை. ஆனால் அம்முகாம்களோடு கணக்கும் போயிற்று என்பதை மறுக்க முடியாது.

மோயாற்றின் பெரும்பகுதி புலிகள் காப்பகத்துக்குள் இருப்பதால் அங்கே தூண்டில் போடலாகாது. காப்பகத்துக்கு வெளியே, பவானி, அமராவதி, காவிரிக் கரைகளில் உள்ள பஞ்சாயத்துகள் வேண்டுமானால் ஒரு நோட்டுப் புத்தகம் வைக்கலாம். மீன் பிடிக்கும் உரிமை பெற்றோரையும், ஓய்வு நாளில் தூண்டில் போட வரும் இளைஞர்களையும் அதில் எழுதச் சொல்லலாம். தேதி, மடுவின் பெயர், எத்தனை மணி நேரம் இருந்தார், எந்த மீன் எத்தனை, எடை என்ன, செத்து மிதந்த மீன் உண்டா என்ற ஆறு கேள்விகள் போதும். நேரத்தைக் கட்டாயம் எழுத வேண்டும். ஒரு மணியில் இரண்டு மீன் பிடித்தவரையும் ஒரு நாள் முழுவதும் இருந்து பத்து மீன் பிடித்தவரையும் நேரம் இல்லாமல் ஒப்பிட இயலாது. வெறுங்கையோடு திரும்பிய நாளையும் விடாமல் எழுத வேண்டும். கெண்டை என்று பொதுவாக எழுதாமல், துடுப்பின் நிறத்தையும் முதுகின் வடிவத்தையும் சேர்த்து எழுதுவது நலம்.